பின்னாலிருந்து எண்ணு

ரொட்டிக்காரி அந்தப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஜன்னலை நம்பாமல் பல்புக்கு நேரே தூக்கியும் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் கோடு இரண்டுதான், இரண்டும் ஒரே அடர்த்தியான சிவப்புதான். நேற்று வரை அந்த இரண்டாவது கோடு இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கித் தேட வேண்டியிருந்தது. இன்றைக்குக் கூப்பிட்டுக் காட்டுகிறது.

பேக்கரியின் பின்பக்கக் கழிப்பறை அது. வெளியே மாவு பிசையும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் நெஞ்சும் அதற்குப் போட்டியாக ஓடியது.

இது பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று சொல்லும் பட்டை இல்லை. வாழ்த்துச் சொல்ல யாரும் அவசரப்பட வேண்டாம். இது அதற்கு முந்தின சேதியைச் சொல்வது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. எல்எச் என்ற ஹார்மோனை அது ஒரு மாதவிடாய்ச் சுற்றுக்கு ஒருமுறை ரத்தத்தில் மளமளவென்று கொட்டும். சினைப்பைக்கு அதுதான் உத்தரவு: பழுத்த முட்டையை வெளியே விடு. உத்தரவு போய் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள், அதற்குள் முட்டை வெளியே வந்துவிடும். வந்த முட்டைக்கு ஒரு நாள்கூட முழுதாக ஆயுள் கிடையாது. வேண்டியவர் அதற்குள் வந்து சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வேண்டியவர் லாரியில் இருந்தார். லாரி துறைமுக வாசலில், சரக்கு இறக்க முறை வராமல், நாலைந்து நாளாக வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அவர் வீட்டைவிட்டுக் கிளம்பி ஒரு வாரம்தான் ஆகிறது. கிளம்பும்போது நல்ல வார்த்தை சொல்லிவிட்டும் கிளம்பவில்லை.

அவள் பட்டையைக் காகிதத்தில் சுற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் மாஸ்டர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் கிளம்பணும்."

"இப்பவா? மாவு பாதிதாம்மா பொங்கியிருக்கு."

"இன்னும் அரை மணி ஆகும். இன்னைக்குக் குளிர் கொஞ்சம் ஜாஸ்தி. தொட்டுப் பாத்துட்டு வைங்க."

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "வீட்டுல யாருக்காவது முடியலையா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. எனக்குத்தான் இருப்புக் கொள்ளலை."

வேறு யாராவது என்றால் மாஸ்டர் ஒரு பாட்டுப் பாடி அனுப்பியிருப்பார். இவளிடம் அவருக்கு ஒரு இரக்கம் கலந்த மரியாதை உண்டு. காரணம் ஒரு சின்னப் பன். மாதத்துக்கு ஒருமுறை, முகம் வெளுத்து வரும் ஏதோ ஒரு நாளில், அவள் பெரிய மாவிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, மற்ற பன்களோடு சுட்டெடுப்பாள். அதை விற்க மாட்டாள், தின்ன மாட்டாள். ஆறியதும் பின்பக்கச் சுவரின் மேல் வைத்துவிட்டு வருவாள். காக்கை எடுத்துக்கொண்டு போகும். மாஸ்டர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அவருக்கும் மனைவி இருந்தாள், மகள்கள் இருந்தார்கள், புரியாமல் இல்லை.

"போ. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்தப் பன்னின் கதையைச் சொல்ல வேண்டுமானால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே ஒரு வட்டப் படம் ஒட்டியிருந்தது. வரைந்தவள் அவள் புருஷன் லாரிக்காரனின் அக்கா. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும், ரொட்டிக்காரிக்கு மட்டும் அண்ணி. வட்டத்தை இருபத்தெட்டுத் துண்டாகப் போட்டிருந்தாள். முதல் ஐந்து சிவப்பு. பதினாலாவது துண்டில் நீல மையால் ஒரு முட்டை. வகுப்பில் இதே படத்தைக் காட்டித்தான் பாடம் எடுப்பாள். எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அதே படத்தைக் காட்டித் தம்பிக்கு லீவு நாள் குறிப்பாள்.

லாரிக்காரனும் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். கூட ஓட்டுகிறவர்களிடம் கெஞ்சி, டீ வாங்கிக் கொடுத்து, நல்ல லோடை விட்டுக்கொடுத்து மொக்கை லோடை வாங்கிக்கொண்டு, அந்த நீல முட்டையை ஒட்டிய மூன்று நாட்களுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். நாலு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பாவம், எப்போதாவது தவறியிருந்தால் ஒருவேளை பிள்ளை பிறந்திருக்கும்.

ஏனென்றால் ரொட்டிக்காரியின் உடம்பு அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அதற்கு ஐந்து வாரக் கணக்கு. வயசுக்கு வந்த நாள் முதல் அப்படித்தான். அதை யாரும் கணக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. தாமதம் என்று எடுத்துக்கொண்டார்கள். "அடுப்புச் சூட்டுல நிக்கறா, கொஞ்சம் தள்ளும்" என்பாள் டீச்சர்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நாலு வாரம் முடிந்த மறுநாள் டீச்சர் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிடும். "தள்ளிப்போயிருக்குடி" என்று காதோரம் சொல்வாள். மாவு மூட்டை தொடக் கூடாது, படியில் வேகமாக இறங்கக் கூடாது, பாத்திரம் நான் கழுவுகிறேன், நீ உட்கார். ஒரு வாரம் இப்படி ராஜ உபசாரம் நடக்கும். லாரிக்காரன் ஏதாவது ஒரு சாலையோரத்திலிருந்து நாளுக்கு மூன்று தரம் போன் பண்ணுவான். ஐந்தாம் வாரம் முடியும்போது வந்துவிடும். டீச்சர் மெல்லத் தலையைத் தடவி, "தங்குது, ஆனா நிக்க மாட்டேங்குது. கலைஞ்சுடுது" என்பாள். கடையில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனை இல்லை என்றே காட்டும். அதற்கும் டீச்சரிடம் பதில் இருந்தது: இவ்வளவு சீக்கிரம் தெரியாது.

அன்றைக்குத்தான் அந்தச் சின்னப் பன். நாலு வருஷத்தில் எத்தனை பன் என்று அவள் எண்ணவில்லை. எண்ணினால் நிற்க முடியாது என்று பயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது அவளுக்கு. தன் வயிறு பிள்ளைகளைக் கொல்லுகிறது என்று நம்பிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள் என்றால், அது லேசுப்பட்ட சங்கதியா?

போன வாரம் லாரிக்காரன் கிளம்பும்போது வெடித்துவிட்டான். வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "நான் வீட்டுக்கு வரேனா, சர்வீசுக்கு வண்டி விடுற மாதிரி வரேனா?" என்றான். "வந்ததும் தேதி, போகும்போது தேதி. இனிமே தேதி பாத்து வர மாட்டேன். உனக்கு என்னைப் பாக்கணும்னு தோணினா ஒரு வார்த்தை சொல்லு, அப்ப வரேன்." அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. அவன் போய்விட்டான். அதன்பிறகு போனில் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து அவள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். வழக்கமாக டீச்சர் கூட வருவாள். டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் டீச்சர்தான் பதில் சொல்வாள். அன்றைக்குப் பரீட்சை மேற்பார்வை, வர முடியவில்லை. வழக்கமான டாக்டரும் லீவு. புதிதாக ஒரு அம்மாள், வெடுக் வெடுக்கென்று பேசுகிறவர், ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?"

ரொட்டிக்காரி பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலி.

"அஞ்சு வாரம் டாக்டர். ஆனா அது தள்ளிப்போய் வர்றது."

"ஒவ்வொரு தடவையும் அஞ்சு வாரமா?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர்றதுக்குப் பேர் தள்ளிப்போறதாம்மா? அதுதான் உங்க கணக்கு. எப்பச் சேந்து இருக்கீங்க?"

அவள் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பதினாலாம் நாள்னு ஒண்ணு எல்லாருக்கும் பொதுவாக் கிடையாது. முதல் பாதியில மூளை எஃப்எஸ்எச்னு ஒரு ஹார்மோன் அனுப்பும். சினைப்பையில முட்டைப்பை வளரும். வளர வளர ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், கருப்பையில மெத்தை போடும். அது வளர ஒருத்திக்குப் பத்து நாள் போதும், இன்னொருத்திக்கு மூணு வாரம் வேணும். வேண்டிய அளவு ஈஸ்ட்ரோஜன் ஏறினதும்தான் மூளை எல்எச்சைக் கொட்டும், முட்டை வெளிய வரும். அதுக்கப்புறம் இருக்கு பாருங்க, அந்த ரெண்டாவது பாதி, அதுதான் பெரும்பாலும் மாறாது. முட்டை போன பை மஞ்சளா மாறி புரோஜெஸ்டிரோன் சுரக்கும். ஏறக்குறைய ரெண்டு வாரம்தான் அதுக்கு உயிர். கரு வந்து தங்கி, நான் இருக்கேன்னு சொன்னா அது பிழைக்கும். யாரும் வரலைன்னா வாடிடும். புரோஜெஸ்டிரோன் இறங்கும், மெத்தை கலையும். அதுதான் மாதவிடாய்."

டாக்டர் சொன்னது அவளுக்குப் புதிதாகவே படவில்லை. தினமும் கையால் செய்கிற வேலை.

"மாவு பொங்குற மாதிரி" என்றாள். "குளிர்னா நேரம் ஆகும், வெயில்னா சீக்கிரம் பொங்கும். ஆனா அடுப்புக்குள்ள போய்ட்டா நேரம் மாறாது. ரொட்டி எப்ப வெளிய வந்துச்சுன்னு தெரிஞ்சா எப்ப உள்ள போச்சுன்னு சொல்லிடலாம்."

"அதேதான். முன்னாலிருந்து எண்ணாதீங்க. பின்னாலிருந்து எண்ணுங்க."

"போன தடவை ரத்த டெஸ்ட்ல முட்டையே வரலைன்னு வந்துச்சே?"

"இருபத்தோராம் நாள் ரத்தம் எடுத்திருக்காங்க. உங்களுக்கு அன்னைக்குத்தான் முட்டை கிளம்பவே ஆயத்தமாகும். பொங்காத மாவுல ரொட்டி வாசனை வருமா?"

அவள் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. "அப்ப... கலைஞ்சதெல்லாம்?"

டாக்டர் முதல்முறையாக நிதானமாகப் பேசினார். "பழசைப் பத்தி நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா ஒரு வழி இருக்கு. இந்தப் பட்டையைத் தினமும் மத்தியானம் சிறுநீர்ல நனைச்சுப் பாருங்க. ரெண்டு கோடும் ஒரே சிவப்பா ஆகிற நாள்லேருந்து ரெண்டு வாரம் எண்ணுங்க. வழக்கம்போல அஞ்சாம் வாரக் கடைசியில, அந்தக் கணக்குப்படியே வந்துச்சுன்னா, எதுவும் தள்ளியும் போகலை, எதுவும் கலையவும் இல்லைன்னு உங்களுக்கே புரியும்."

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. லாரிக்காரனிடம் சொன்னால் தேதி என்பான். டீச்சரிடம் எப்படிச் சொல்வது? இப்போது பட்டை சிவந்துவிட்டது, சொல்லாமல் தீராது. பஸ்ஸில் போனால் மூன்று இடத்தில் மாறி, துறைமுகம் போய்ச் சேருவதற்குள் விடிந்துவிடும். வீட்டில் ஸ்கூட்டர் ஒன்றுதான், அது டீச்சருடையது.

டீச்சர் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ரொட்டிக்காரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, வண்டி எடுங்க. துறைமுகம் போகணும்."

"என்னடி, தம்பிக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்லை." பட்டையை விடைத்தாள் மேல் வைத்தாள். வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். எங்கேயாவது நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயம்.

டீச்சர் பட்டையைக் கையில் எடுத்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். கதவைச் சாத்தி அதன் பின்னாலிருந்த வட்டத்தின் முன்னால் நின்றாள். விரல் நீல முட்டையில் நின்றது. பிறகு அங்கிருந்து கடைசித் துண்டு வரை மெல்ல நகர்ந்தது.

"மஞ்சட்பை பதினாலு நாள் இருக்கும்னு நான்தான் சொல்லித் தரேன்" என்றாள், கதவைப் பார்த்தபடியே. "வருஷா வருஷம் சொல்லித் தரேன். பரீட்சையில கேள்வியாக்கூடக் கேட்டிருக்கேன்."

"அண்ணி, நேரமாகுது."

டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். திருத்தாத தாள்களைப் பையில் திணித்துக்கொண்டாள். வீட்டைப் பூட்டினோமா என்று இரண்டு பேருக்கும் பாதி வழியில்தான் சந்தேகம் வந்தது.

துறைமுகச் சாலை லாரிகளின் ராஜ்ஜியம். அதில் இரண்டு பெண்கள் ஒரு பழைய ஸ்கூட்டரில் போவது யானைக் கூட்டத்துக்கு நடுவே கோழி போவது போல. டீச்சர் வாழ்நாளில் முதல்முறையாக வேகமாக ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது தாங்க முடியாமல் பேச ஆரம்பித்தாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாது.

"ஈஸ்ட்ரோஜன் கொஞ்சமா இருக்கறவரைக்கும் பிட்யூட்டரியை அடக்கி வைக்கும்டி! உச்சத்துக்கு ஏறி ரெண்டு நாள் நின்னுச்சுன்னா அதே ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியை உசுப்பி விட்டுடும்! அதனாலதான் எல்எச் திடீர்னு ஏறுது! அப்புறம் முட்டைப்பை வெடிக்கும்!"

பக்கத்து பைக்கில் இருந்தவர் எது வெடிக்கும் என்று கலவரத்தோடு திரும்பிப் பார்த்தார். ரொட்டிக்காரிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. "அண்ணி, பச்சை விழுந்தாச்சு, போங்க."

ஊர் முடிந்து உப்புக் காற்று அடிக்கத் தொடங்கியபோது டீச்சரின் குரல் மாறியது.

"கலையுதுன்னு உன்கிட்ட நான்தானே சொன்னேன்."

ரொட்டிக்காரிக்குக் கோபம் இருந்தது. நன்றாகவே இருந்தது. இந்த அண்ணி பாத்திரம் கழுவினாள், தலை தடவினாள், ராத்திரி கால் பிடித்துவிட்டாள். இதே அண்ணிதான் ஒவ்வொரு மாதமும் ஒரு பிள்ளையைக் கையில் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டாள். பரவாயில்லை அண்ணி என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லவும் இல்லை. ஆனால் ஸ்கூட்டரில் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடையாது. டீச்சரின் இடுப்பைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வரிசை துறைமுக வாசலிலிருந்து மேம்பாலம் வரை நீண்டிருந்தது. எல்லா லாரியும் ஒரே மாதிரி அழுக்கு. வண்டி நிழலில் சிலர் சமைத்தார்கள், சிலர் சீட்டாடினார்கள். ரொட்டிக்காரி இறங்கி ஓடினாள். தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். அவள் கையால் மாவுச் சாக்கு வைத்து ஒட்டுப்போட்ட தார்ப்பாய் உலகத்தில் ஒன்றுதான் இருக்க முடியும்.

லாரிக்காரன் முன்சக்கரத்தின் மேல் ஏறி நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். ஏப்ரனோடு ஓடிவரும் மனைவி, பின்னால் ஹெல்மெட்டோடு மூச்சிரைத்து வரும் அக்கா. துணி கையிலிருந்து விழுந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றாள் ரொட்டிக்காரி. மேற்கொண்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பட்டையை நீட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான். முகம் சுருங்கியது. "தேதியா? இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"தேதிதான். இத்தனை நாளும் நீங்க வந்தது கதவுல ஒட்டின படத்தோட தேதிக்கு. இது என்னோடது." பட்டையை அவன் கையில் வைத்து அழுத்தினாள். "நாலு வருஷமா நீங்க சரியான நேரத்துக்கு வந்து, என் முட்டை கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போயிருக்கீங்க. உங்க மேலயும் தப்பில்லை, என் மேலயும் இல்லை. டாக்டர் சொன்னாங்க. எனக்கு முட்டை வருது."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அதுவும் இல்லாம" என்றாள் ரொட்டிக்காரி, "உங்களைப் பாக்கணும்னு தோணுச்சு. ஒரு வாரமாத் தோணுது. சொல்ல வாய் வரலை. அதான் வந்துட்டேன்."

லாரிக்காரன் விழுந்த துணியைக் குனிந்து எடுத்தான். எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண்ணாடி துடைத்த துணி, முகமெல்லாம் கரி. அவள் ஏப்ரன் முனையால் அதைத் துடைக்கப் போனாள், ஏப்ரனில் மாவு. அவன் சிரித்துவிட்டான். பல மாதமாக அந்தச் சிரிப்பை அவள் பார்க்கவில்லை.

"நான் அந்த டீக்கடையில உக்காந்து பேப்பர் திருத்தறேன்" என்றாள் டீச்சர், யாரையும் பார்க்காமல். "நிறைய பாக்கி இருக்கு."

லாரி கேபினில் இருக்கைக்குப் பின்னால் படுக்கை உண்டு, திரை உண்டு. மற்றதைக் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது வெளியே நடந்தது. நாலு நாளாக அசையாத வரிசை அந்தச் சாயங்காலம் பார்த்து அசைந்தது. முன்னால் நின்ற லாரி நகர்ந்துவிட்டது. இந்த லாரி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரனில் கை வைத்து எடுக்கவே இல்லை. டீச்சர் சிவப்புப் பேனாவோடு ஓடிவந்து சாலை நடுவே நின்றாள்.

"வண்டி கோளாறு! சுத்திக்கிட்டுப் போங்க!"

"டிரைவர் எங்கம்மா?"

"தூங்கறான்! நாலு நாளாத் தூங்காதவன்! எழுப்பக் கூடாது! சுத்திப் போங்கன்னு சொல்றேன்ல?"

ஒன்பதாம் வகுப்பை அடக்குகிற குரல் அது. லாரிகள் ஒவ்வொன்றாக விலகி, முறைத்துக்கொண்டே முன்னால் போயின. லாரிக்காரன் கீழே இறங்கிவந்தபோது அவன் முறை எங்கோ பின்னால் போயிருந்தது. இன்னும் இரண்டு நாள் நிற்க வேண்டும். "நிக்கறேன், என்ன இப்ப?" என்றான்.

அதற்குப் பிறகுதான் பெரிய பாடு. இரண்டு வாரம். ரொட்டிக்காரிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. மார்பு லேசாகக் கனத்தது. இது பிள்ளையா என்று நினைப்பாள். இல்லை, மஞ்சட்பை வேலை செய்கிறது, புரோஜெஸ்டிரோன், எல்லா மாதமும் உள்ளதுதான் என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். தூக்கம் வந்தால் புரோஜெஸ்டிரோன், எரிச்சல் வந்தால் புரோஜெஸ்டிரோன். நாலு வாரம் முடிந்த நாள் வந்தது, போனது. டீச்சர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மாவு மூட்டையைத் தூக்காதே என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கதவுக்குப் பின்னால் படத்தைக் காணோம்; நாலு மூலையில் பசை மட்டும் இருந்தது.

ரொட்டிக்காரி இருவரிடமும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "வெள்ளிக்கிழமை. வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமை வரும். அதுக்கு முன்னாடி யாரும் எதுவும் நினைக்காதீங்க." மற்றவர்களுக்குச் சொன்னாளே தவிர அவள் நினைக்காத நிமிஷம் இல்லை. வியாழக்கிழமை ராத்திரிக்குள் அந்தக் குழந்தைக்கு அவன் மூக்கு, அவள் கண் என்று போய்விட்டது மனசு. மனசுக்கு யார் பாடம் எடுப்பது?

வெள்ளிக்கிழமை காலை, முதல் தட்டு அடுப்புக்குள் போன கையோடு, அடிவயிறு பிடித்து இழுத்தது. அவளுக்கு அந்த வலி தெரியும். கழிப்பறைக்குப் போனாள். வந்திருந்தது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அது வழக்கமாக வருகிற வழியில்தான் வந்தது, வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சை முட்டிக்கொண்டு. மூக்கும் கண்ணும் வேண்டும் என்று கேட்டிருந்தாளே, இல்லை என்றால் வலிக்காதா? நன்றாக அழுதாள்.

அழுதுகொண்டே இருக்கும்போது ஏதோ ஒன்று இடித்தது. வெள்ளிக்கிழமை. அவள் சொன்ன வெள்ளிக்கிழமை. பட்டை சிவந்த நாளிலிருந்து இரண்டு வாரம். இந்த மாதம் மட்டுமா? போன மாதம், அதற்கு முந்தின மாதம், எல்லாம் இதே ஐந்து வாரம். மாவு பொங்கியது, அடுப்பில் இருந்தது, நேரம் முடிந்ததும் வெளியே வந்தது. ஒரு மாதம்கூடத் தாமதம் இல்லை. தாமதமே இல்லை என்றால் தங்கியது எது, கலைந்தது எது? இத்தனை வருஷமும் முட்டை தனியாக வந்து, தனியாக இருந்து, யாரும் வராமல் போயிருக்கிறது. அவ்வளவுதான். அவள் வயிறு ஒருவரையும் கொல்லவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு லாரிக்காரனுக்குப் போன் பண்ணினாள். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு" என்றாள்.

எஞ்சின் சத்தம் நின்றது. அவன் வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். "வலிக்குதா?" என்றான்.

"வலிக்குது. ஆனா சொன்ன நாள்ல வந்திருக்கு. கேக்குதா? நான் சொன்ன நாள்ல."

"கேக்குது." மூக்கை உறிஞ்சினான். "அப்ப அடுத்தது எப்ப? சொல்லு, லோடு மாத்திக்கறேன். தேதிக்காக இல்லை, சும்மாவும் வருவேன். இருந்தாலும் சொல்லி வை."

அவள் பேக்கரிக்குள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மாஸ்டர் ஏறிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, பெரிய மாவிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து, அவள் பக்கம் பலகையில் நகர்த்தி வைத்தார்.

ரொட்டிக்காரி அந்தக் கிள்ளைக் கையில் எடுத்தாள். சுவர் மேல் வைத்த எல்லாம் ஒரு நொடி நினைவுக்கு வந்தது. அதை உருட்டவில்லை. பெரிய மாவோடு சேர்த்து அழுத்திப் பிசைந்தாள், எங்கே போட்டோம் என்றே தெரியாத மாதிரி.

"வேண்டாம் மாஸ்டர்" என்றாள். "யாரும் போகலை. இனிமேதான் வரணும்."